அம்மாவின் ஐந்து குழுக் கடன்: வீட்டையும் தெருவையும் மீட்க என்ன வழி?

திருவாரூர் மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய அம்மா ஐந்து நிறுவனங்களில் குழு லோன் வாங்கியிருக்கிறார். மாதத் தவணை மொத்தம் 12,400 ரூபாய். அப்பாவின் கூலி, அம்மாவின் வயல் வேலை, திருப்பூரிலிருந்து இவர் அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்தாலும் வீட்டு வருமானம் 20,000 ரூபாய்தான். இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. போன மாதம் குழுப் பெண்கள் ராத்திரி ஒன்பது மணி வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து கடன் இருப்பதே அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். தங்கை கல்லூரியை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போகிறேன் என்கிறார். அம்மா ஏன் இப்படிச் செய்தார், இனி நாங்கள் என்ன செய்வது என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, மற்றதை எல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒன்று. இந்த வாரம் அம்மாவைத் தனியாக விடாதீர்கள். கடனை விட, வாசலில் பட்ட அவமானம்தான் ஒருவரை உடைக்கும். சித்தியோ அத்தையோ, அம்மா மனம் விட்டுப் பேசக்கூடிய ஒரு பெண் சில நாள் கூட இருக்கட்டும். வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்பதுபோல அம்மா பேசினால் 14416 என்ற எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கணக்குக் கேட்பதற்கு நாள் இருக்கிறது, இப்போது கத்த வேண்டாம் என்று. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்குளித்தது. அந்தச் செய்தியைப் படித்த யாரும் கடன் விஷயத்தை வெறும் பண விஷயமாகப் பார்க்க மாட்டார்கள்.

சரி, அம்மா ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்விக்கு வருகிறேன். மகளிர் குழுக் கூட்டமைப்பில் பல வருடம் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆடம்பரத்துக்காக ஐந்து கடன் வாங்கிய பெண்ணை நான் பார்த்ததில்லை. முதல் கடன் பெரும்பாலும் நியாயமான தேவைக்குத்தான் வாங்கப்படுகிறது. கறவை மாடு, பாதியில் நிற்கும் வீடு, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு. இரண்டாவது கடன் ஒரு காதுகுத்துக்கோ வளைகாப்புக்கோ இருக்கலாம். மூன்றாவதிலிருந்து கதை மாறுகிறது. முதல் இரண்டின் டியூவைக் கட்டத்தான் மூன்றாவது. நான்கும் ஐந்தும் அப்படியே. உங்கள் அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள், இந்த ஐந்துக்கு வெளியே, தினம் தினம் கட்டும் தண்டல் கடனும் வாங்கியிருக்கக்கூடும். திங்கட்கிழமை டியூவுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பணம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

இதில் ஆளின் குணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. டெல்டாவில் விவசாயக் கூலிக் குடும்பத்துக்குப் பணம் வருவது பருவத்தை ஒட்டி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, அப்புறம் சம்பா நடவு, களை எடுப்பு, தை மாசி அறுவடை. நடுவில் பல வாரங்கள் கையில் எதுவும் இருக்காது. முன்பெல்லாம் அறுவடைக் கூலியாக நெல்லாவது வீட்டுக்கு வந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு பெண்களுக்கு அந்த வேலை ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் டியூ எல்லா வாரமும், எல்லா மாதமும் ஒரே தொகை. மழை பெய்தாலும் அதே, ஐப்பசியில் வயல் மூழ்கினாலும் அதே. வருமானம் விட்டு விட்டு வரும் வீட்டில், விடாமல் வரும் தவணையை அடுத்த கடனை வாங்காமல் சமாளிப்பது மிகவும் கஷ்டம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து ஓடும் கூரையும் தென்னையும் போன சில வாரங்களிலேயே வசூலுக்கு ஆள் வந்ததாக உங்கள் பக்கத்தில் எத்தனை ஊரில் புகார் எழுந்தது என்று அப்பாவுக்கு நினைவிருக்கும். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த மாதங்களின் வட்டி கடனோடு சேர்ந்துகொண்டது. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்பதையே நிறையப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் உங்கள் தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஊரில் எல்லாவற்றையும் குழு என்கிறார்கள். ஆனால் இரண்டு வகைக் குழுக்கள் இருக்கின்றன, இரண்டும் முற்றிலும் வேறு. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு தொடங்கிய முயற்சி, பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. அந்தச் சுயஉதவிக் குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பார்கள். முதலில் மாதம் கொஞ்சம் சேமிப்பார்கள், அந்தச் சேமிப்பிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள், நோட்டு எழுதுவார்கள், அப்புறம்தான் வங்கிக் கடன். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாருக்கு இந்த மாதம் முடியாது என்பதெல்லாம் அந்தப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்வது. வட்டியில் ஒரு பகுதி குழுவுக்கே திரும்பி வரும்.

உங்கள் அம்மா இருப்பது இரண்டாவது வகையில். அதைக் கூட்டுப் பொறுப்புக் குழு என்பார்கள். அங்கே சேமிப்பு கிடையாது, பொது நோட்டு கிடையாது. ஒரு நுண்கடன் நிறுவனம் தெருவில் ஐந்து முதல் பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடன் கொடுத்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று கையெழுத்து வாங்குகிறது. நகை அடமானம் இல்லை, பத்திரம் இல்லை என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். உண்மையில் அங்கே அடமானம் வைக்கப்படுவது அக்கம்பக்கத்து உறவு. குழம்புக்குப் புளி இல்லையென்றால் கிண்ணத்தோடு போய் நிற்கும் வீடு, பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துத் தந்த அக்கா, துக்க வீட்டில் முதலில் வந்து நின்றவர்கள், இவர்களைத்தான் வசூலுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வாசலில் உட்கார்ந்த பெண்களுக்கும் வேறு வழி இல்லை. உங்கள் அம்மாவின் டியூவை அவர்கள் தலையில் போட்டுக் கட்டச் சொன்னால், அன்றைக்கு அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அக்காவின் கோபத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். வசூலுக்கு வரும் பையனும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவன்தான். இலக்கை எட்டாவிட்டால் அவன் ஊக்கத்தொகை போகும், சில சமயம் வேலையே போகும். மேலே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பகையாகிறார்கள்.

இந்த நிலைமை நம் ஊரோடு நிற்கவில்லை. 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் வசூலின் நெருக்குதலால் தற்கொலைகள் நடந்ததாகப் புகார்கள் எழுந்து, அக்டோபரில் அந்த அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே தொழில் முடங்கியதும் நிறுவனங்கள் மற்ற மாநிலங்களில் வேகமாகக் கடன் கொடுக்கத் தொடங்கின. இன்று நாட்டில் நுண்கடன் நிலுவை மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் பீகாரும் தமிழ்நாடும் இருக்கின்றன. போர் முடிந்த பிறகு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், கணவனை இழந்த பெண்களின் வீடுகள் இருந்த ஊர்களுக்குள் இதே வகைக் கடன் நுழைந்தது. 2018-ல் அந்த நாட்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இத்தனை இடங்களில் இத்தனை பெண்கள் ஒரே மாதிரி சிக்கியிருக்கும்போது, உங்கள் அம்மா ஒருவரின் புத்தி மட்டும் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியதைப் பேசலாம்.

திருப்பூரிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். அப்பா, அம்மா, தங்கை, நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், கையில் வந்தது எவ்வளவு, மாத டியூ எவ்வளவு, இன்னும் எத்தனை டியூ பாக்கி. கடன் அட்டை ஒவ்வொன்றிலும் இது இருக்கும். தமிழில் கடன் அட்டை தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் கடன் தகவல் அறிக்கையையும் எடுங்கள். சிபில், ஹைமார்க், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அம்மாவின் பெயரில் அவருக்கே தெரியாமல் கடன் இருந்தாலும் அதில் வந்துவிடும். அப்படி நடப்பது உண்டு.

வட்டியைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடுங்கள், வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். 40,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,115 ரூபாய் வரும். அதே 24 சதவீதத்தை முழு அசலுக்கும் கடைசி வரை போட்டால் மாதம் 2,467 ரூபாய், உண்மையான வட்டி 41 சதவீதத்தைத் தொடும். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்க்க ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். கட்டக் கட்ட நிலுவை குறைகிறது என்பதையும் சேர்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதம். ஆகவே தண்டல் ஏதாவது இருந்தால், வீட்டில் கையில் வரும் முதல் பணம் அதை முடிக்கப் போகட்டும். அதற்கடுத்து, பாக்கி டியூ குறைவாக இருக்கும் குழு லோனைக் கவனியுங்கள். நாலைந்து டியூவில் முடியும் கடன் ஒன்று முடிந்தால் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கைக்குத் திரும்பும், அதை அடுத்ததில் போடலாம். முன்கூட்டியே முடித்தால் அபராதம் கேட்கக் கூடாது என்பது விதி. டியூ தாமதமானால் போடும் அபராதத்தைக்கூடத் தாமதமான தொகைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போட முடியாது.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஐந்தில் ஒன்றை அம்மா தன் பெயரில் எடுத்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது. ஊர் ஊராக இதைப் பார்க்கிறேன். ஒருவருக்கு இனிக் கடன் கிடைக்காது என்ற நிலை வந்ததும், உன் பேரில் எடுத்துக் கொடு, டியூ நான் கட்டுகிறேன் என்று கேட்பார். கேட்பவர் நாத்தனாராக இருக்கும், கூட நடவு நடும் பெண்ணாக இருக்கும், முடியாது என்று சொல்ல வாய் வராது. சட்டத்தின் முன்னால் கடன்காரர் உங்கள் அம்மாதான். அந்தப் பெண் இன்றைக்கும் ஊரில் இருந்தால், சண்டை போடாமல் இரண்டு பெரியவர்களை வைத்து, இவ்வளவு தொகை எனக்காக வாங்கப்பட்டது, இத்தனை டியூ நான் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இனிமேல் டியூவை உங்கள் அம்மா கையில் தராமல் அந்தப் பெண்ணே நேரில் வந்து கட்டி, ரசீதை அம்மா பெயரில் வாங்கட்டும். ஆள் வெளியூர் போய்விட்டார் என்றால் அந்தக் கடனையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இப்போதே ஏற்றுக்கொண்டால் திட்டம் போட வசதி.

ஆறாவது கடனை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றித் தருகிறோம் என்று கைபேசிச் செயலியில் வரும் கடனைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் நிறுவனத்திடம் போங்கள். ஒளிந்துகொள்வது நிலைமையை மோசமாக்கும். கிளை அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போய் எழுத்தில் கொடுங்கள்: வீட்டு வருமானம் இவ்வளவு, மொத்த டியூ இவ்வளவு, கடனைக் கட்ட மறுக்கவில்லை, தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்க வேண்டும். நகலில் முத்திரை வாங்குங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதியில் இரண்டு விஷயம் உங்களுக்கு உதவும். ஒன்று, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டில் 20,000-க்கு 12,400 போகிறது. அந்த வரம்பு எந்தக் கடனோடு மீறப்பட்டது என்பது தேதிகளைப் பார்த்தால் தெரியும். கடைசியாகக் கொடுத்தவர்களிடம், வருமானம் எவ்வளவு என்று படிவத்தில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். கூட்டி எழுதியிருந்தால் அந்தத் தவறில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அதைப் புகாரிலும் எழுதலாம். இரண்டு, கட்ட முடியாமல் திணறும் கடன்காரரை அடையாளம் கண்டு, அவரோடு பேசி, அவருக்கு என்ன வழி என்று சொல்ல ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. இதைச் சொல்லிக் கேட்கலாம். நீட்டிப்புக் கொடுத்தால் மொத்த வட்டி கூடும், கடன் வரலாற்றிலும் குறை விழும். தெரிந்தேதான் அதை ஏற்க வேண்டும். வீட்டில் அரிசி இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

வாசலில் நடந்தது போல இனி நடக்காமல் தடுக்கவும் விதி இருக்கிறது. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ கடன்காரர் அங்கே வராவிட்டால்தான் ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். உங்கள் வீட்டில் இரண்டு டியூ தவறியிருப்பதால், வீட்டுக்கு வந்ததே தவறு என்று வாதாட முடியாமல் போகலாம். ஆகவே இனி, பணம் இல்லாவிட்டாலும் அம்மா கூட்டத்துக்குப் போய்த் தலையைக் காட்டுவது நல்லது, கூட நீங்களோ அத்தையோ போங்கள். வீட்டுக்கு வந்தாலும் திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போனில் அழைக்கக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, கடன்காரர் பெயரை ஊரறியப் போடக் கூடாது. கட்டாவிட்டால் இப்படி ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது. வெளி ஆளை வசூலுக்கு அனுப்பினாலும் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான்.

போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம், அதற்காகக் கைது கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட்ட காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரும். அதனால் யாருக்கும், எந்தச் சூழ்நிலையிலும், வெறும் காசோலையிலோ வெற்றுப் பத்திரத்திலோ அம்மா கையெழுத்துப் போட வேண்டாம். ரேஷன் கார்டையோ ஏ.டி.எம். கார்டையோ பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

மீறினால் தேதி, நேரம், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள், முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448. மிரட்டல், ஆபாசப் பேச்சு என்று போனால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். தண்டல், மீட்டர் வட்டிக்கு 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாய வசூலைத் தண்டிக்க 2025-லும் மாநில அரசு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கத் தயங்கினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே பெண்களுக்கு அங்கே இலவசம்.

புகாரால் பெரிதாக எதுவும் நடக்காது என்று சொல்பவர்களும் ஊரில் இருப்பார்கள். ஆனால் 2024 அக்டோபரில், வட்டியை வரம்பு மீறி வைத்ததாக நான்கு நிதி நிறுவனங்களை, அதில் இரண்டு நுண்கடன் நிறுவனங்கள், புதிதாகக் கடன் கொடுக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. அவை வழிக்கு வந்த பிறகுதான் தடையை விலக்கியது. நுண்கடன் நிறுவனங்களின் சங்கமும் ஒருவருக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, மொத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எழுத்தில் போன புகார்தான் கணக்கில் வரும். வாய்ப்பேச்சு எங்கும் பதிவாவதில்லை.

விலை குறைந்த கடனாக மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மா பழைய சுயஉதவிக் குழுவில் இன்னும் உறுப்பினர் என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். அங்கே சமுதாய முதலீட்டு நிதியும் நலிவு குறைப்பு நிதியும் இருக்கும், இரண்டாவது இப்படி இடிந்துபோன குடும்பங்களுக்காகவே வைக்கப்பட்டது. சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கியில் மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டியில் கடன் கிடைக்கிறது. வீட்டில் குண்டுமணி தங்கம் மிச்சம் இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துத் தண்டலை அடையுங்கள், அடகுக் கடைக்குப் போக வேண்டாம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அம்மா கணக்குக்கு வருகிறது என்றால், எந்த நிறுவனமும் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்காதபடி வங்கியில் பேசி வையுங்கள்.

கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம், சான்றிதழ் தருகிறோம், ஆளுக்கு ஆயிரம் கொடுங்கள் என்று ஊருக்குள் யாராவது வந்தால் அவர்களை நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்தது. 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனை. தனியார் நிறுவனக் கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தெருவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்கள் போங்கள், அம்மா போக வேண்டாம். அம்மாவுக்காக அவர் கையிலிருந்து எவ்வளவு கட்டினாரோ அதை முதலில் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், ஐந்நூறு ஐந்நூறாக இருந்தாலும் சரி. நிறுவனத்துக்குக் கட்டுவதற்கு முன்னால் அது முடியட்டும். இதில் சட்டம் எதுவும் இல்லை, என் அபிப்பிராயம்தான். நிறுவனம் காத்திருக்கும். ஒரு வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதரை விரோதியாக வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவால் அந்த ஊரில் வாழ முடியாது. அதன் பிறகு அந்தக் குழுவில் இருக்கும் பெண்கள் எல்லோரையும் கூட்டி, யாருக்கு டியூ தவறினாலும் யார் வாசலிலும் போய் உட்காருவதில்லை என்று ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள். இன்று உங்கள் வீடு, அடுத்த மாதம் யார் வீடு என்பது அவர்களுக்கே தெரியும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடனைத் தள்ள அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் வசூல் எந்தப் பொது இடத்தில், எந்த நேரத்தில் நடக்கலாம், வீட்டு வாசலில் கூடாது என்று தீர்மானம் போட்டு நிறுவனங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பலாம். ஒரு பெண் தனியாகச் சொன்னால் எடுபடாதது, ஊராட்சித் தீர்மானமாகப் போனால் கிளை மேலாளர் காதில் விழும்.

கடைசியாகத் தங்கை. அவரைக் கல்லூரியிலிருந்து நிறுத்தாதீர்கள். மில்லில் முன்பணம் கொடுத்து ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் இந்த மாதிரி வீடுகளைத்தான் தேடி வருவார்கள். அந்தப் பணம் இரண்டு கடனை அடைக்கும், அப்புறம் பெண் அங்கிருந்து வர நினைத்தாலும் வர முடியாமல் போகும். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்றாலும், பிறகு மீட்பதைவிட அனுப்பாமல் இருப்பது எளிது. தங்கை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில், எந்த டியூவுக்கும் முன்னால், முதல் வரியில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை எழுதுங்கள்.